பாதி எழுத்தைக் காணோம்

பிப்ரவரி 15, புதன்

தினமும் குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ரத்த அழுத்தம் இரண்டு வேளை, மாத்திரை மூன்று வேளை. "அவர் எதைப் பாக்குறார், எதைப் பாக்கலைங்கறதையும் எழுதுங்கம்மா." யாரோ கொடுத்த டைரி ஒன்று பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

நோயாளி: சங்கரலிங்கம், வயது 48, எழுத்துரு வரைபவர். எழுதும் நான்: மங்கையர்க்கரசி, 44, அவர் மனைவி. அவர் காகிதத்தில் வரையும் எழுத்துகளைக் கணினியில் ஏற்றுவதும், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடலாம் என்று பார்ப்பதும், பிழை பார்ப்பதும் என் வேலை. பதினேழு வருடமாக எஸ்.எஸ். காலனியில் இந்த வீட்டு மாடி அறையில் இதைத்தான் செய்துவருகிறோம்.

நடந்தது: பிப்ரவரி 7, காலை எட்டு மணிக்கு மாடியிலிருந்து கூப்பிட்டார். "மங்கை, ஸ்க்ரீன்ல பாதி எழுத்தைக் காணோம். இங்க வாயேன்." மூளையின் பின்பக்கத்து ரத்தக்குழாயில் அடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. ஆட்டோ கிடைக்கத் தாமதமாகிவிட்டது.

காலை 150/90. மாலை 140/90.

பிப்ரவரி 16, வியாழன்

தட்டில் இடது பக்கம் இருந்த இரண்டு இட்லியையும் சாப்பிட்டார். வலது பக்கம் இருந்ததைத் தொடவில்லை. தட்டைத் திருப்பி வைத்தேன். "இன்னும் ரெண்டு வச்சியா? போதும்" என்றார்.

பிப்ரவரி 19, ஞாயிறு

இன்று பேப்பரைக் கையில் எடுத்தார். இனி படிக்க வராது என்று ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் சொல்லியிருந்தார், ஆனாலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மடித்து வைத்துவிட்டார்.

"எல்லாம் வேற ஏதோ நாட்டு எழுத்து மாதிரி இருக்கு. அழகா இருக்கு. ஒண்ணும் புரியல."

நான் ஒரு தாளும் பேனாவும் கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னேன். சங்கரலிங்கம் என்று எழுதினார். கோணல் இல்லை, பிழை இல்லை, அவருடைய அதே கையெழுத்து. தாளை வாங்கிக்கொண்டு காபி போடப் போனேன். திரும்பி வந்து அதே தாளைக் காட்டி, "இது என்ன?" என்றேன்.

உற்றுப் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"யார் எழுதினது?" என்று கேட்டார்.

டாக்டர் சொன்னது சரிதான். எழுதத் தெரியும், படிக்கத் தெரியாது. கண்ணில் கோளாறு இல்லை, கையில் கோளாறு இல்லை. நடுவில் ஒரு வழி அடைபட்டுவிட்டது. இனி அவர் எழுதுவதை அவராலேயே படிக்க முடியாது.

பிப்ரவரி 24, வெள்ளி

சென்னைப் பதிப்பகத்திலிருந்து ஷோபனா பேசினார். பழைய துப்பறியும் நாவல்கள் பன்னிரண்டைப் புதிதாகப் போடுகிறார்கள். அட்டைக்கென்று ஒரு எழுத்துரு வேண்டும் என்று போன ஆகஸ்டில் எங்களிடம் சொல்லியிருந்தார்கள். உயரமாக, ஒடுங்கி, நன்றாகத் தடித்து, அறுபது வருடத்துக்கு முந்தைய டூரிங் டாக்கீஸ் நோட்டீஸைப் பார்ப்பது போல இருக்க வேண்டும். இவர் அதற்குக் 'கொட்டகை' என்று பெயர் வைத்தார்.

நூற்று முப்பது வடிவங்களில் ஐம்பத்தெட்டு பாக்கி. ஏப்ரல் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

"சார் உடம்பு இப்படி இருக்கும்போது நாங்க வற்புறுத்த மாட்டோம் மேடம். வேற ஏற்பாடு பண்ணிக்கவா?"

இவர் பக்கத்தில்தான் இருந்தார். போனை என் கையிலிருந்து வாங்கி, "ஏப்ரல்ல தந்துருவோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மார்ச் 3, வெள்ளி

மாடிப்படி ஏற இடது கைப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். பெரிய காகிதத்தை மேசையின் இடது ஓரமாக ஒட்டிக் கொடுத்தேன். 'ண' வேண்டும் என்றேன்.

தடித்த எழுத்தில் 'ண' படுத்தும் பாடு எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மூன்று சுழி. அதை அகலமாக விடவும் முடியாது, ஒல்லியாக்கவும் முடியாது. ஒவ்வொரு சுழிக்குள்ளும் கொஞ்சம் வெள்ளை மிஞ்ச வேண்டும். இல்லாவிட்டால் அச்சில் மை நிரம்பி வெறும் கறுப்புக் கட்டியாகிவிடும். டிசம்பரில் ஒரு வாரம் அவர் இந்த ஒரு எழுத்தோடு மல்லுக்கட்டினார். நான் ஒவ்வொன்றையும் பார்த்துச் சரியில்லை, சரியில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இன்று ஒரே மூச்சில் வரைந்தார். பிறகு தள்ளி நின்று பார்த்தார்.

"பாத்தா இது என்ன எழுத்துன்னு எனக்குத் தெரியல. ஆனா நடுச்சுழி மூச்சு முட்டுது. பக்கத்துல ரெண்டும் அத அமுக்குது."

அழித்து நடுச்சுழியை ஒரு நூல் அகட்டினார். சரியாக வந்தது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படிக்க முடியாமல் போனதால் அவருக்கு எழுத்து வெறும் உருவமாகத் தெரிகிறது. முன்பைவிட நன்றாக வரைகிறார். இதை அவரிடம் சொல்லவில்லை.

காலை 130/80.

மார்ச் 9, வியாழன்

மாத்திரை மூன்று வேளையும் சாப்பிட்டார். நான் மார்க்கெட் போய்விட்டு வந்தபோது மாடி அறையில் பச்சை ஃபைலைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 14, செவ்வாய்

மறுபடியும் பச்சை ஃபைல். 'கொட்டகை' வேலைக்கான குறிப்புகள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. எல்லாம் அவர் கைப்பட எழுதிய தாள்கள், எழுபது எண்பது இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார், திருப்புகிறார், வைக்கிறார்.

"எதைத் தேடுறீங்க? சொன்னா நான் எடுத்துத் தருவேன்ல."

"ஒண்ணுமில்ல. சும்மா பாக்குறேன்."

"படிச்சுச் சொல்லவா?"

"வேணாம்." குரல் கொஞ்சம் வேகமாக வந்தது. பிறகு, "நீ போய் உன் வேலையப் பாரு மங்கை" என்று மெதுவாகச் சொன்னார்.

மார்ச் 21, செவ்வாய்

பகல் பதினொரு மணிக்குப் புகை நாற்றம் வந்து மேலே ஓடினேன். மொட்டை மாடியில் பழைய எண்ணெய் டின்னுக்குள் பச்சை ஃபைலை முழுதாகப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'றா', யானைத் தும்பிக்கை போட்ட 'லை', 'ணை' எல்லாவற்றுக்கும் நாங்கள் சேர்த்த அளவுகள் அதில் இருந்தன. ஆறு மாத வேலை.

"என்ன பண்றீங்க?"

"படிக்க முடியாததை வச்சிக்கிட்டு என்ன பண்றது. எனக்கு எல்லாம் மனசுல இருக்கு."

குச்சியால் கிளறி, கடைசித் தாளும் கருகும்வரை நின்றார். நான் தடுக்கவில்லை.

மார்ச் 22, புதன்

இன்று அவரே காபி போட்டார். பால் கொஞ்சம் அடுப்பில் சிந்தியது, அவ்வளவுதான். டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "குடிச்சுப் பாரு" என்றார். இரண்டு வருடமாக இப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. சாப்பிட்டுவிட்டு என் மடியில் தலை வைத்துத் தூங்கினார்.

அவர் எதை எரித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அது எரியவில்லை. என் பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில் இருக்கிறது.

ஏப்ரல் 5, புதன்

டாக்டரிடம் போனோம். வலது பக்கப் பார்வை இனி திரும்ப வாய்ப்பில்லை என்றார். படிப்பதற்கு ஒரு வழி சொன்னார். எழுத்தைக் கண்ணால் பார்க்காமல் விரலால் அதன் மேல் எழுதிப் பார்த்தால் கை சொல்லிவிடுமாம். மெதுவாகத்தான் வருமாம்.

கிளம்பும்போது இவர் கேட்டார். "டாக்டர், முன்னாடியே வந்திருந்தா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்தா அடைப்பைக் கரைக்க ஊசி போட்டிருப்போம். பலன் இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். நடந்ததை விடுங்க சார்."

வெளியே வந்ததும் இவர், "நீ என்ன பண்ணுவ, ஆட்டோ கிடைக்கல" என்று என் தோளைத் தட்டினார்.

ஏப்ரல் 6, வியாழன்

பிப்ரவரி 15 குறிப்பில் ஒரு திருத்தம்.

ஆட்டோ இரண்டே நிமிடத்தில் கிடைத்தது.

பிப்ரவரி 7 காலை ஏழு மணிக்கு அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நாவல் தலைப்புகளின் பட்டியலை எடுக்கப் பச்சை ஃபைலைத் திறந்தேன். 'மங்கை' என்று தொடங்கும் ஒரு தாள் இருந்தது. சமையலறைக்குக் கொண்டுவந்து இரண்டு தடவை படித்தேன். அவர் குளித்துவிட்டுக் காபியோடு மேலே போனார். எட்டு மணிக்குக் கூப்பிட்டார், பாதி எழுத்தைக் காணோம், இங்க வாயேன் என்று. நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார், தலை வலிக்கிறது என்றார். போகவில்லை. அப்புறம் சத்தம் இல்லை. வேலையில் மூழ்கிவிட்டார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை. கூப்பிடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணிக்குத்தான் மேலே போனேன். தரையில் படுத்திருந்தார்.

நான்கு மணி நேரம்.

ஏப்ரல் 15, சனி

வேலை ஓடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று வடிவம், நான்கு வடிவம். எரிந்த அளவுகள் உண்மையிலேயே அவர் மனதில் இருக்கின்றன.

கணினியில் ஏற்றியதைப் பெரிதாக அச்சடித்துக் கொடுக்கிறேன். விரலால் ஓட்டிப் பார்த்து, "மா" என்கிறார், "யா" என்கிறார். சிக்கலானது வந்தால் என்னிடம் கையை நீட்டுகிறார். நான் அவர் உள்ளங்கையில் எழுதிக் காட்டுகிறேன். இன்று 'ஞ' எழுதினேன். கூசுகிறது என்று கையை இழுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு மறுபடி நீட்டினார். "இன்னொரு தரம் எழுது. புரிஞ்சிருச்சு, இருந்தாலும் எழுது."

கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இப்படி இருந்ததில்லை.

காலை 130/80. மாலை 130/80.

ஏப்ரல் 20, வியாழன்

மருந்துக் கடை. மின்கட்டண வரிசை. கத்திரிக்காய் குழம்பு. 'ஐ', 'ஔ' முடிந்தன.

ஏப்ரல் 29, சனி

முடிந்தது. நூற்று முப்பதும்.

மதியம் முதல் நாவலின் தலைப்பை அடித்து, நீளத் தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன். கருகருவென்று தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கின்றன. எங்கும் மை அடைக்கவில்லை. நான் பார்த்ததிலேயே அவர் செய்த நல்ல வேலை இதுதான்.

அவர் சுவருக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டு ஒவ்வொன்றாகப் படித்தார். பத்து நிமிடம் ஆயிற்று. படித்து முடித்து என் பக்கம் திரும்பினார்.

"உன்னோட இடைவெளி இல்லைன்னா இது நிக்காது மங்கை. அடுத்து இதுலயே ஒல்லியா ஒண்ணு பண்ணுவோம். ரெண்டு வருஷம் ஆகட்டும், என்ன அவசரம்."

ரெண்டு வருஷம் என்கிறார். நான் கீழே இறங்கி வந்து, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏப்ரல் 30, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் பீரோவிலிருந்து எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். தாளைப் பார்த்தார். அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை.

"என்ன இது?"

"நீங்க எரிச்சதா நினைச்சது."

அவர் கை தாளுக்குப் போய் நடுவழியில் நின்றது.

"எப்ப எடுத்த?"

"உங்களுக்கு அப்படி ஆன அன்னிக்குக் காலையில. ஏழு மணிக்கு."

மிச்சத்தையும் சொன்னேன். எட்டு மணி, இரண்டாவது தடவை கூப்பிட்டது, பன்னிரண்டு மணி, ஆட்டோ. எதையும் குறைக்கவில்லை. நான் முடித்ததும் அவர், "படி" என்றார்.

"வேண்டாங்க."

"நான் எழுதினத நான் கேக்கணும். படி."

படித்தேன். பிழை பார்ப்பது போல, குரலை ஏற்றாமல் இறக்காமல்.

'மங்கை, நேரில் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன். இந்த வேலை முடிந்ததும் நான் போய்விடலாம் என்று இருக்கிறேன். ஹைதராபாத்தில் ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். வேறு யாரும் இல்லை. நமக்குக் குழந்தை இல்லாததும் காரணம் இல்லை. நீ கெட்டவள் இல்லை. ஆனால் இந்த வீட்டில் நான் எது செய்தாலும் நீ திருத்துகிறாய். எழுத்தைத் திருத்தினாய், சட்டையைத் திருத்தினாய், பேச்சைத் திருத்தினாய். நீ அறைக்குள் வந்தால் நான் பிழையாகிவிட்டது போல இருக்கிறது. எனக்கு இன்னும் கொஞ்ச வருடம் பிழை இல்லாமல் இருக்க ஆசை. மன்னித்துவிடு. லிங்கம்.'

ஓர் இடத்தில் 'ஆசை'க்கு முன் அவர் ஒரு வார்த்தையை எழுதி அடித்திருந்தார். அதையும் சொன்னேன்.

அவர் எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

மே 1, திங்கள்

பேசவில்லை. மாத்திரையைத் தானே எடுத்துக்கொண்டார், எண்ணிப் பார்த்து, சரியாக.

மே 3, புதன்

இன்று அவரே பேசினார்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன் மங்கை. தூத்துக்குடிக்கு."

"அந்த நாலு மணி நேரத்துக்காகவா?"

"கோபம் இருக்கு. இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா அதுக்காகப் போகல."

"அப்ப லெட்டர்ல எழுதினதுதான் இன்னிக்கும் மனசுல இருக்கா?"



"அதான் எனக்கே தெரியல. ஃபைல எரிச்ச அன்னிக்கு இங்கயே இருக்கணும்னுதான் இருந்துச்சு. ரொம்ப இருந்துச்சு. அது உன்மேல உள்ள பிரியமா, இல்ல இவ இல்லைன்னா நமக்கு யாரு படிச்சுச் சொல்லுவாங்கற பயமா? என்னால பிரிச்சுப் பாக்க முடியல."

"எதுவா இருந்தா என்ன? எனக்குப் பரவாயில்ல."

"நீ மட்டும்? தட்டத் திருப்பித் திருப்பி வைக்கிறியே, அது பிரியமா, அந்த நாலு மணி நேரமா? உன்னால சொல்ல முடியுமா?"

முடியும் என்று சொல்லியிருக்கலாம். பொய்யாகக்கூட இருந்திருக்காது. ஆனால் நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். முகத்தைப் படிக்க அவரால் முடிகிறது.

"தள்ளி இருந்து பாப்போம்" என்றார்.

மே 12, வெள்ளி

வடிவு மதினி தூத்துக்குடியிலிருந்து பேசினார். இவருடைய அக்கா, இவரை வளர்த்தவர்.

"எம்மா, என்னடி ஆச்சு உங்களுக்குள்ள? கேட்டா அவன் வாயத் தொறக்க மாட்டேங்கான். நீ ஏதும் சொன்னியா அவன?"

"நான்தான் மதினி அனுப்புறேன். கடல் காத்து ஒத்துக்கும்னு டாக்டர் சொன்னாரு."

"பொய் சொல்லாத. சரி, வரட்டும். உனக்கு எப்ப தோணுதோ அப்ப நீயும் கிளம்பி வா."

மே 20, சனி

புத்தகங்கள் வந்தன. ஷோபனா முதல் மூன்றையும் கூரியரில் அனுப்பியிருந்தார். சிவப்பு அட்டை, கறுப்பில் 'கொட்டகை'. உள்பக்கத்தில் சின்னதாக: 'தலைப்பு எழுத்துரு: சங்கரலிங்கம், மங்கையர்க்கரசி.'

அவர் விரலை வைத்துத் தேடினார். எழுத்து ரொம்பச் சின்னது. விரலுக்குக் கீழே நாலைந்து எழுத்து ஒரே நேரத்தில் மறைந்தது. மூன்று தடவை முயன்று விட்டுவிட்டார்.

"ரெண்டு பேரும் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"யாரு முதல்ல?"

"நீங்க."

"உன்னைய முதல்ல போடச் சொல்லியிருந்தேன்" என்றார். எப்போது சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

ஒரு புத்தகத்தை அவர் பெட்டியில் வைத்தேன். எடுத்துத் திரும்ப மேசையில் வைத்துவிட்டார்.

மே 24, புதன்

காலை பத்து மணிக்கு மாட்டுத்தாவணி பஸ் நிலையம். கூட வருகிறேன் என்று கெஞ்சினேன், ஒத்துக்கொள்ளவில்லை. "உக்காந்தா மூணு மணி நேரம். அங்க அத்தான் வந்து நிப்பாரு." பெட்டி ஒன்று, மருந்துப் பை ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்தோம். பஸ்ஸின் போர்டு அவருக்குத் தெரியாது, வந்தால் நான் சொல்வதாக ஏற்பாடு.

முதல் பஸ் வந்தது. கண்டக்டர் இறங்கி, "தூத்துக்குடி, தூத்துக்குடி" என்று நிலையமே அதிரக் கூவினார். பாதி சீட் காலி.

"இதுல கூட்டமா இருக்கு" என்றேன்.

"சரி" என்றார்.

இருபது நிமிடத்தில் அடுத்தது. அதன் கண்டக்டர் எங்கள் பெஞ்சுக்கு நேர் எதிரே நின்று கூவினார்.

"இதுலயும் கூட்டம்."

"சரி."

மூன்றாவது பஸ் வந்தது. சும்மா இருந்தேன். கண்டக்டர் கூவிக்கொண்டே இருந்தார். இவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காது அவருக்கு நன்றாகக் கேட்கும். அந்தப் பஸ்ஸும் போனது.

யாரோ இளநீர் விற்றுக்கொண்டு போனார்கள். இரண்டு வாங்கினேன். குடித்தோம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் அங்கே இருந்திருப்போம்.

நான்காவது பஸ்ஸுக்கு அவரே எழுந்தார். பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இதுல கூட்டம் இருக்காது மங்கை" என்றார்.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. கண்டக்டரிடம் சொல்லி, ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்து, அவரை உட்கார வைத்துவிட்டு, ஆட்களைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். நான் தரையில் கால் வைப்பதற்குள் விசில் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். அடுத்த தூத்துக்குடி பஸ் வந்து, கூவி, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அதற்கு அடுத்ததும் போனது. அப்புறம்தான் எழுந்தேன்.